சும்மா உட்கார்ந்திருந்தவள்

புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆளாளுக்கு ஒன்றைத் தேடுவார்கள். சிலருக்குக் கோயில், சிலருக்குக் கடைவீதி, சிலருக்கு நல்ல சாப்பாடு. நான் தேடுவது உட்கார ஓர் இடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சிப் பக்கம் இறால் உரிக்கிற ஷெட், ஓசூரில் ஒரு கேன்டீன் என்று சுற்றியவள் நான். படுக்க இடம் எந்த ஊரிலும் கிடைத்துவிடும். கம்பெனி ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ நாலு பேருக்கு நடுவில் ஒரு பாய் விரிக்கலாம். பகலில் உட்காரத்தான் இடம் கிடைக்காது. ஆண்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். டீக்கடைப் பெஞ்சு, மரத்தடி, பாலத்துக் கட்டைச் சுவர், அடைத்த கடையின் படி எல்லாம் அவர்களுக்கு உண்டு. அதில் எதிலாவது ஒரு பெண் பையோடு போய் உட்கார்ந்து பார்க்கட்டும். வியர்வை அடங்குவதற்குள் யாராவது வந்து கேட்பார்கள்.

“யாருக்காக வெயிட் பண்றீங்க?”

கெட்ட எண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. நல்ல மனதோடு கேட்பவர்களே அதிகம். பெண் என்றால் யாருக்காகவோ காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் எல்லாப் பெண்களும் கையோடு ஒரு பதிலை வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் வண்டி எடுக்கப் போயிருக்கிறார், பிள்ளை டியூஷனில் இருக்கிறான், மாமா வருவார். நான் ஓர் அண்ணனை வைத்திருந்தேன். பல ஊர்களில் என்னைக் கூட்டிப்போக வந்துகொண்டே இருந்தவர் அவர்.

திண்டுக்கல்லில் பினாயிலும் சோப்பு ஆயிலும் கேனில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்ற நாட்களில்தான் அவளைப் பார்த்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் வசவுதான் கிடைக்கும். வெயில் இறங்கும்வரை எங்காவது கிடக்க வேண்டும். நத்தம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். கல் பெஞ்சின் மறு முனையில் ஒரு துணி மூட்டையோடு அவள் இருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு காலை நீட்டி, மறு காலை மடக்கி, செருப்பைக் கழற்றி வீட்டு வாசலில் விடுவதுபோல ஜோடியாக வைத்திருந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை.

பஸ்கள் வந்து போயின. நாங்கள் இருவரும் ஏறவில்லை. பக்கத்து ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் எழுந்து வந்து முதலில் என்னைக் கேட்டார்.

“அண்ணன் வாராரு” என்றேன்.

“நீங்கம்மா? யாருக்கு?”

“யாருக்கும் இல்ல” என்றாள் அவள்.

“பொறவு?”

“உக்காந்திருக்கேன்.”

“இல்ல, யாராச்சும் வரணுமா? பஸ்ஸு எதுவும் தவறிப்போச்சா?”

“எதுவும் தவறல தம்பி. உக்காந்திருக்கேன்.”

 ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார். அவர் போன பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஒங்கண்ணன் எப்ப வாராராம்?”

“எனக்கு அண்ணனே இல்லக்கா. எந்த ஊர்லயும் இதத்தான் சொல்வேன்.”

அவள் சிரித்தாள். “இல்லாத அண்ணனுக்கு எதுக்குடி இம்புட்டு வேலை குடுக்குற? பாவம், ஊர் ஊரா அலையுறாரு.”

அன்றிலிருந்து பழக்கம். பெயரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டேன். அவள் ஊர் சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். சின்னாளப்பட்டிக்குப் போய், சாயம் சற்று பிசகிய சுங்குடிச் சேலைகளாகப் பார்த்து எடுத்து வந்து திண்டுக்கல் வீடுகளில் விற்பாள். “எங்க பிசகியிருக்குன்னு நானே காட்டிருவேன். அப்புறம் என்ன பேச்சு?” என்பாள். வியாபாரத்தைப் பற்றி அதற்கு மேல் அவள் பேசியதில்லை. அவள் பேச்செல்லாம் மதியத்தைப் பற்றித்தான்.

திண்டுக்கல் இரைச்சலான ஊர். நாலா பக்கமும் ரோடு, எல்லா ரோட்டிலும் லாரி. பூ மார்க்கெட், பிரியாணிக் கடைகளுக்கு வெளியே நிற்கும் வெளியூர்க் கார்கள், கோட்டைக்கு ஏறுகிறவர்கள், பழனிக்கு நடக்கிறவர்கள். அந்த ஊருக்குள் சத்தமே இல்லாத இடங்களை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது.

“கூட்டம் எதப் பாத்து ஓடுதோ, அதோட முதுகுப் பக்கம் போ. எல்லாத்துக்கும் ஒரு முதுகு இருக்கும். அங்க ஒரு பய இருக்க மாட்டான்.”

சொன்னால் சாதாரணமாகத் தெரியும். அவளோடு நடந்தால்தான் விளங்கும். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை. அதனால் ஆடி முழுக்க மண்டபங்களின் பின்பக்கச் சமையல் ஷெட்டு அவளுடையது. கவிழ்த்து வைத்த பெரிய அண்டாவின் மேல் ஏறி உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்வாள். ஆவணி பிறந்துவிட்டால் அந்தப் பக்கமே போக மாட்டாள். பள்ளிக்கூட லீவு விட்டால் ஒரு பள்ளியின் சைக்கிள் ஷெட்டு. வெங்காய மண்டி லீவு நாளில் மூட்டை இறக்குகிற மேடை. பேகம்பூரில் ஒரு சந்து, அதன் கடைசியில் ஒரு புங்கமரம். மரத்துக்கு எதிர் வீட்டுப் பெரியம்மா எங்களைப் பார்த்தால் ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அந்தச் சந்தில் தொழுகைக்கு வருகிறவர்களின் வண்டி நிற்கும். அன்றைக்கு வேறு இடம். ஊர் எப்போது எங்கே கூடும் என்று அவளுக்குத் தெரியும். எங்கே கூடாது என்பதற்காகவே தெரிந்து வைத்திருந்தாள்.

“சர்ச்சுல போய் உக்காரலாமேக்கா? பெரிய சர்ச்சு, ஃபேன்கூட ஓடும்” என்று ஒருநாள் கேட்டேன்.

“அங்க போனா சாமிகிட்ட ஏதாச்சும் கேக்கணும். உக்காந்துட்டு ஒண்ணுமே கேக்காம வந்தா நல்லா இருக்காது” என்றாள்.

இடத்துக்குப் போனதும் முதல் காரியம் செருப்பை ஜோடியாக விடுவது. பிறகு தண்ணீர். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றையும் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தையும் எடுத்துச் சாப்பிடுவாள். கருவாட்டுக் குழம்பு இருந்தால் எனக்கும் ஒரு துண்டு வரும். சாப்பிட்டு முடித்தபின் பேசக் கூடாது. நான் பேசினால் ஒரு விரலைத் தூக்குவாள், அவ்வளவுதான். தூங்கவும் மாட்டாள். போன் பையிலேயே இருக்கும். எதிரே ஒரு சுவர் இருந்தால் சுவரைப் பார்ப்பாள், ஓணான் இருந்தால் ஓணானைப் பார்ப்பாள். முதல் சில நாட்கள் எனக்குப் பைத்தியம் பிடித்தது. நான் ஒரு இடத்தில் நிற்காத ஆள். பிறகு என் முழங்கால் வலி என்ன வலி என்று அங்கே உட்கார்ந்துதான் முதன்முதலாகக் கவனித்தேன்.

ஊருக்கு ஓரமாக ஒரு பழைய கல்லறைத் தோட்டம் உண்டு. அதன் பின்பக்கச் சுவரை ஒட்டி வேப்ப மரங்கள் வரிசையாக நிற்கும். “இங்க இருக்கவுக மட்டுந்தான் யாருக்கு வெயிட் பண்றேன்னு கேக்க மாட்டாக” என்பாள். ஒரு மதியம் நாங்கள் அங்கே நுழையப் போகும்போது ஒரு கார் வந்து நின்றது. சென்னைக்காரர்கள். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிபோல இருந்தது. கோட்டை பார்த்தாகிவிட்டது, பிரியாணி சாப்பிட்டாகிவிட்டது. அந்தப் பையன் கண்ணாடியை இறக்கி, “ஆன்ட்டி, இங்க கூட்டம் இல்லாம, யாருக்கும் அவ்வளவா தெரியாத எடம் ஏதாவது இருக்கா? லோக்கல் ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி?” என்று கேட்டான்.

“இருக்கு” என்றாள் அக்கா.

“எங்க ஆன்ட்டி?”

“சொல்ல மாட்டேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“சொன்னா நீ படம் புடிச்சுப் போடுவ. நாளைக்கு நாலு கார் வரும். நாளான்னைக்கு ஒருத்தன் ஐஸ் வண்டிய கொண்டாந்து நிறுத்துவான். அப்புறம் நான் எங்க போக?”

“போட மாட்டோம் ஆன்ட்டி, ப்ராமிஸ்.”

“அப்ப செல்போனக் கார்லயே வச்சுட்டு வாரியளா ரெண்டு பேரும்?”

பையன் யோசித்தான். போனைப் பார்த்தான். அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. தன் போனைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாள். நாங்கள் மூவரும் உள்ளே போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். கல்லறைகளைப் பார்த்து அந்தப் பெண் முதலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அக்காவைப் பார்த்துத் தன் செருப்பையும் கழற்றி ஜோடியாக வைத்தாள். அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. ஒரு அணில் சிலுவை மேல் ஏறி இறங்கியது. வெளியே ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் முறை நீளமாக அடித்தபோது, “எப்பவும் இப்படித்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். போகும்போது அக்காவின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

“பாவம் புள்ள” என்றேன்.

“பாவமெல்லாம் இல்ல. மூணாவது ஹாரன் வரைக்கும் உக்காந்தாள்ல” என்றாள் அக்கா.

அவளைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போக முடியாது. பிடிவாதக்காரி.  ஒருநாள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுப் பக்கம் ஒரு வாதாம் மரத்தடியில் இருந்தோம். குடித்த ஆள் ஒருவன் வந்து எதிரே குந்திக்கொண்டு எங்களையே பார்த்தான். நான் கேனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்த ஒரு ஜல்லிக் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவனையே திருப்பிப் பார்த்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவனே எழுந்து தள்ளாடிப் போனான். அவன் மறைந்த பிறகுதான் அவள் கல்லைக் கீழே வைத்தாள்.

“பயமா இல்லையாக்கா?”

“இருக்கு. பயந்துக்கிட்டேதான் உக்காந்திருக்கேன்.”

“அப்ப எந்திரிச்சு வரலாம்ல?”

“எந்திரிச்சா, நாளைக்கும் எந்திரிக்கணும்.”

ஒருநாள் மழை வருகிற மாதிரி இருந்தது. அவள் மூட்டையை நான் தூக்கினேன். பஞ்சுபோல இருந்தது. சுங்குடிச் சேலை மூட்டை என் பினாயில் கேனுக்குச் சமமாகக் கனக்கும், எனக்குத் தெரியும். பிரித்துப் பார்த்தேன். பழைய போர்வை ஒன்றும் ஒரு தலையணை உறையும்தான் இருந்தன.

“சரக்கு எங்கக்கா?”

“இன்னைக்கு யாவாரம் இல்ல. சும்மா வந்தேன்.”

“சும்மாவா? அம்புட்டு தூரத்துல இருந்தா?”

அவள் மூட்டையை வாங்கி மறுபடி கட்டினாள். பிறகு சொன்னாள். மகன் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறானாம். இனிமேல் மூட்டை தூக்க வேண்டாம், வீட்டில் சும்மா இரும்மா என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். “நல்ல புள்ளதான், கொறை சொல்ல மாட்டேன். ஆனா வீட்ல எந்தப் பொம்பள சும்மா இருந்திருக்கா, நீயே சொல்லு. நான் உக்காந்தா ஒருத்தன் தண்ணி கேப்பான். ஒருத்தி சட்டினி அரைக்கணும்பா. ஒருத்தரும் கேக்கலைன்னா எனக்கே ஏதாச்சும் ஞாபகம் வந்து எந்திரிச்சிருவேன். கல்யாணம் கட்டி வந்ததுல இருந்து அந்த வீட்ல நான் உக்காந்து முழுசா ஒரு டம்ளர் காப்பி குடிச்சதில்ல. யாவாரத்துக்கு வந்த எடத்துலதான் சும்மா இருக்கக் கத்துக்கிட்டேன். மூட்டை இருந்தாத்தான் வீட்ல விடுறாங்க. அதான் மூட்டை.”

சேலை விற்பதற்காக அவள் மதியத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று நான் நினைத்திருந்தேன். மதியத்தில் உட்காருவதற்காகத்தான் சேலை விற்றாள்.

கடைசியாக அவள் கண்டுபிடித்த இடம் தண்ணீர்த் தொட்டி. புறவழிச் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு புது நகர். எல்லாம் மாடி வீடு. அதன் நடுவில் காளான்போல ஒரு மேல்நிலைத் தொட்டி. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், ஒரு இரும்புக் கேட்டு. பூட்டு இல்லை, கம்பியை மாட்டி வைத்திருப்பார்கள். ஊரே கொதிக்கிற சித்திரை மதியத்தில் தொட்டிக்கு அடியில் வட்டமாக நிழல் விழுந்து கிடக்கும். எங்கோ ஓர் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தூணில் முதுகை வைத்தால் குளிர்ந்து இருக்கும். “இம்புட்டு வருசம் இது தெரியாமப் போச்சே” என்று முதல் நாள் அவள் சொன்னது நினைவிருக்கிறது. வேறு எந்த இடத்தையும் அவள் அப்படிப் புகழ்ந்ததில்லை.

தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் மதியம் ஒருமுறை வருவார். முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு, “வெயிலு சாஸ்தியா இருக்குல்லக்கா” என்று தானாகப் பேசினார். சாயங்காலம் அந்த நகர்ப் பெண்பிள்ளைகள் அங்கே பந்தடிப்பார்கள். மதியத்தில் எங்களைத் தவிர ஒரு கார் மட்டும் நிழலில் நிற்கும். வெள்ளைக் கார், உறை போட்டு மூடியது. அந்த நகர்ச் சங்கத்துச் செயலாளருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மதியம் அவர் வந்தார்.

“ஏம்மா, யாரு நீங்க? யாருக்காக இங்க வெயிட் பண்றீங்க?”

“யாருக்கும் இல்ல சார். உக்காந்திருக்கோம்.”

“அதான், எதுக்கு?”

“கால் வலிக்குது.”

“கால் வலிச்சா வீட்ல போய் உக்காரணும். இது என்ன சத்திரமா?”

அக்கா காரைப் பார்த்தாள். “இது யாருக்காக சார் வெயிட் பண்ணுது?”

“அது என் காரு!”

“இது என் காலு.”

நான் சிரிப்பை அடக்கக் கேனுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மறுநாள் நாங்கள் போனபோது கேட்டில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டுக்கா பஞ்சம். வெளியாட்கள் நுழையக் கூடாது என்று ஒரு அட்டையும் இருந்தது. கம்பி வழியே பார்த்தால் நிழல் வட்டமாக அப்படியே கிடந்தது. கார் அதில் நின்றது.

தண்ணீர்க்காரர்தான் வருத்தப்பட்டார். அவரிடமும் ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். “யக்கா, ஒண்ணு பண்ணுவோம். எங்க பெரியம்மா மகள்னு சொல்லிர்றேன். எனக்குச் சோறு கொண்டாந்தீகன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. நீங்க பாட்டுக்கு உக்காருங்க.”

“ஒங்க பெரியம்மாவுக்கு நான் எதுக்குப்பா பொறக்கணும்?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. “ஒத்த வார்த்தைதானக்கா? எல்லாரும் சொல்றதுதான?”

“இன்னைக்கு இவருக்கு அக்கா. நாளைக்கு இவர வேற எடத்துக்கு மாத்திட்டா வாரவனுக்கு நான் யாரு? சின்னம்மாவா? ஆளுக்குத் தக்கன ஒறவு மாத்திக்கிட்டே இருக்கணுமா நான்?”

சொல்லிவிட்டுப் பூட்டிய கேட்டுக்கு முன்னால், ரோட்டோரத்தில், வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். சேலையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். செருப்பு ஜோடியாக. அன்று மட்டும் இல்லை, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். ஜன்னல் திரைகள் அசைந்தன. வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளிகள், யார் அந்தம்மா, ஏன் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். செயலாளரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பு அவளிடம் சேலை வாங்கியவர்தான்.

“நாற்காலி வேணாம் தாயி. அதுல உக்காந்தா விருந்தாளி ஆயிருவேன்” என்றாள். அவர் கொண்டுவந்த மோரை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேறு இடம் பார்க்கலாம், ஊரில் இடமா இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை. வார்டு ஆபீசுக்குப் போகலாம் வா என்றாள். போனோம். அங்கே இருந்த அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். நின்று கேட்டார், அதுவே பெரிய விஷயம்.

“தொட்டிக்குப் பூட்டு நீங்க போட்டீங்களாம்மா?” என்று அக்கா கேட்டாள்.

“இல்லையே. யார் போட்டா?”

“அந்த நகர்க்காரங்க. அவுக போடலாமா?”

“போடக் கூடாது.”

“அப்ப எடுக்கச் சொல்லுங்க.”

அதிகாரி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “எடுத்தா நீங்க உள்ள போவீங்களா? குடிதண்ணித் தொட்டிம்மா அது. வெளியாள் யாருமே போகக் கூடாது. நீங்களும்தான்.”

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். வாசல்வரை கூட்டிவந்து காதில் சொன்னேன். “பேசாம வந்துருக்கா. இப்பப் புகார் குடுத்தா இவுக வேற பூட்டுப் போட்டுருவாக. ஒரேயடியாப் போயிரும். ஒரு மாசம் விட்டா அந்தத் தண்ணிக்காரரே திறந்து விடுவாரு. உங்களுக்கு எடம் வேணுமா வேணாமா?”

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். அந்தக் குளிர்ந்த தூணும் சொட்டுகிற தண்ணீரும் அவள் கண்ணில் வந்துபோனது எனக்குத் தெரிந்தது. பிறகு கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

“யாருமே போகக் கூடாதுன்னா, யாருமேவா?”

“யாருமே.”

“காரு?”

“காரா? அங்க கார் எதுக்குப் போகுது?”

“வந்து பாருங்க” என்றாள் அக்கா.

வந்து பார்த்தார்கள். கார் வெளியே போனது. சங்கத்துப் பூட்டு உடைபட்டது. ஆபீஸ் பூட்டு ஏறியது, சாவி தண்ணீர்க்காரரிடம் மட்டும். உள்ளே ஒருவரையும் விடக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அங்கே பந்தடிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடம் போனது. அது எனக்கு வருத்தம்தான், அவளுக்கும் வருத்தம். ஆனால் அந்த வெள்ளைக் கார் உறையோடு வெயிலில் நின்றதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ரோட்டில் சற்று நின்றோம். அவள் முகத்தில் ஜெயித்த சிரிப்பு எதுவும் இல்லை. கம்பி வழியே உள்ளே பார்த்தாள்.

“நெழலு இனி சும்மா கெடக்கும்” என்றாள். “கெடக்கட்டும். அதுவாச்சும் சும்மா கெடக்கட்டும்.”

அதற்கு விலை இருந்தது. அந்த நகரில் ஒரு வீடும் அதற்குப் பிறகு அவளிடம் சேலை எடுக்கவில்லை. மோர் கொடுத்த அம்மாவும் கதவைத் திறக்கவில்லை. யாரோ அவளுடைய மகனின் நம்பரைத் தேடிப் பிடித்து, உங்கம்மா தெருவில் உட்கார்ந்து சண்டை பிடிக்கிறார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடவே அவள் வெயிலில் உட்கார்ந்திருந்ததை எடுத்த வீடியோவும் அனுப்பியிருக்கிறார்கள். “ஊர்ல சிரிக்கிறாங்கம்மா, இனிமே டவுனுக்கே போகாத” என்று மகன் சொல்லிவிட்டானாம். இதை அவள் என்னிடம் சொன்னது பேகம்பூர்ப் புங்கமரத்தடியில்.  மறுநாளிலிருந்து அவளைக் காணவில்லை.

நான் தேடினேன். கல்லறைத் தோட்டம், வெங்காய மண்டி மேடை, கூட்ஸ் ஷெட்டு மரத்தடி, எல்லா முதுகுப் பக்கமும் போய்ப் பார்த்தேன். புங்கமரத்து வீட்டுப் பெரியம்மா சொம்பைப் படியில் வைத்துவிட்டு, இரண்டாவது ஆளைத் தேடிச் சந்தின் முனைவரை பார்த்தார். அக்காவை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். உட்கார எங்கே விட்டிருப்பார்கள், நிற்கத்தான் வைத்திருப்பார்கள்.

எனக்கும் திண்டுக்கல் போதும் என்றாகிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். கேன்களைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். உச்சி வெயில். ஊரிலேயே இரைச்சலான இடம் அது. கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கத்துகிறார்கள், ஹாரன், வெள்ளரிக்காய் விற்கிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், ஒரு தூணைச் சுற்றிக் கட்டிய சிமென்ட் மேடையில் அக்கா படுத்திருந்தாள்.

உட்கார்ந்திருக்கவில்லை. பழைய போர்வையை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, காலை முழுசாக நீட்டி, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தூக்கத்தை ஒரு பெண் பகலில் நாலு பேர் முன்னால் தூங்கி நான் பார்த்ததில்லை. என் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை. அவள் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. இன்னொரு பஸ் வந்தது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க?”

“நீங்க தூங்குறீங்கல்லக்கா. யாராச்சும் ஏதாச்சும்…”

“நான் என்ன காயப் போட்ட உளுந்தா, காக்கா வெரட்ட?” என்று எழுந்து உட்கார்ந்தாள். “பை எல்லாம் எடுத்திருக்க. எங்க?”

“கோயம்புத்தூர்.”

“ஏன் ஏறல?”

 “வீட்ல என்னக்கா சொன்னாங்க?” என்றேன்.

“நெறைய சொன்னாங்க.”

“அப்புறம்?”

“முழுசா கேட்டேன். கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

“இங்கயாக்கா? இந்தச் சத்தத்துலயா? நல்ல எடமெல்லாம் அப்படியே இருக்கே, நான் போய்ப் பாத்தேன்.”

“ஒளிஞ்சு ஒளிஞ்சு எம்புட்டு நாளைக்கு?” என்றாள். “முதுகுப் பக்கமே போய்க்கிட்டிருந்தா அதுக்கும் ஒரு பூட்டு வரும். இங்க எவன் பூட்டுவான்? சத்தம் செத்த நேரத்துல பழகிருது. பூமாதிரி தூக்கம் வருது. கெளம்பு, கோயம்புத்தூர் வண்டி நிக்குது பாரு. என்னக் காவல் காத்து நின்னேன்னு எங்கயும் போய்ச் சொல்லிராத.”

நான் எழுந்தேன். ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துத் திரும்பிப் பார்க்கையில் அவள் மறுபடி படுத்துவிட்டிருந்தாள். தூண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே கண்ணை மூடியிருந்தாள். பழனி பஸ் ஒன்று உள்ளே நுழைந்தது. அதைப் பிடிக்க ஓடிய ஜனம் அந்த மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் வளைந்து ஓடியது.